பொய்க்கு முன் ஒரு மூச்சு

அப்பாவின் காதுக்கருவியை ஒரு மாதம் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டாம் நாளே அப்பா அதைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டார்.

"குக்கர் விசில் மண்டைக்குள்ள அடிக்குது. எனக்கு வேணாம்."

"பத்து வருஷமா கத்திக் கத்தி என் தொண்டை போச்சே, அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றாள் அம்மா.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் தகடு அழுத்தும் பிரஸ் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அப்பா. அங்கே காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள், அவர்தான் வைத்துக்கொள்ளவில்லை. மெஷினில் எது தேய்கிறது என்று சத்தம்தான் சொல்லும், காதை மூடிக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது என்பார்.

கருவியைப் பொருத்திய பெண் ஒரு யோசனை சொல்லியிருந்தார். தினமும் அரை மணி நேரம், முகம் பார்க்காமல், ஒரே ஒரு குரலைக் கேட்டுப் பழக வேண்டும். எனக்கு உடனே தோன்றியது போனில் நான் கேட்கும் துப்பறியும் ஒலிநூல் தொடர்தான்.

மண்ணூர்பேட்டையில் தரப் பரிசோதனை வேலைக்குப் போக வர இரண்டு வருடமாகக் கேட்டுவருகிறேன். பதினொரு நாவல்கள், ஒரே பெண் இன்ஸ்பெக்டர், எல்லாவற்றையும் வாசிப்பவர் ஒருவரே. முதல் நாவலில் மாடிப்படி ஏறி ஓடிய இன்ஸ்பெக்டர், ஒன்பதாவதில் விசாரிக்கப் போன வீட்டில் முதலில் நாற்காலி கேட்கிறாள். வாசிப்பவரின் குரலும் அவளோடு சேர்ந்து கொஞ்சம் தளர்கிறது. மிமிக்ரி செய்யமாட்டார். ஆனாலும் பேசுவது யார் என்பதில் எனக்கு ஒருமுறைகூடக் குழப்பம் வந்ததில்லை. ஒவ்வொரு நாவலுக்கும் போனில் பட்டியல் போடுவேன்: ஆள், காரணம், அந்த நேரத்தில் எங்கே இருந்தார். பதினொன்றில் இரண்டு முறைதான் கொலையாளியைச் சரியாகப் பிடித்தேன்.

தினமும் அரை மணி நேரம் மட்டும் என்று கெஞ்சிக் கருவியை மாட்டவைத்து, அப்பாவுக்கு முதல் நாவலைப் போட்டேன். மூன்றாம் நாள் மாலை, "அந்த மச்சினன்தான்" என்றார். சரியான விடை. எனக்கு ஒரே பூரிப்பு. இரண்டாவது நாவலில் இன்னும் சீக்கிரமாகச் சொன்னார். அப்போதுதான் கவனித்தேன்: கதையில் ஒவ்வொருவர் பேசும்போதும் அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிச்சீங்க?"

"பின்ன? எழுதி ஒட்டின மாதிரி இருக்கு. அவன் பேர் வந்தாலே நீ ஒதட்டக் கடிக்கிற."

"இவருக்கு இதே பொழைப்பு" என்று அம்மா சிரித்தாள். "கல்யாண வீட்ல யார் இன்னா பேசினாலும் தலையாட்டுவாரு. ஒருத்தன் கூட கண்டுபிடிச்சதில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது கேட்காத வருடங்கள் முழுக்க அவர் எங்களைத் துப்பறிந்துதான் பதில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் கருவியால் அவருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அந்த வாரம் பன்னிரண்டாவது நாவல் வெளியானது. அதில் கொலையாளி யாரென்று எனக்கும் தெரியாது. இருவருமாகக் கேட்கத் தொடங்கினோம். என் பட்டியலில் எட்டுப் பேர். மருந்துக்கடைக்காரர் கடைசியில் இருந்தார்.

"மருந்துக்கடைக்காரன்" என்றார் அப்பா, பாதிக் கதையில்.

"எப்படிப்பா? அவரு ஊர்லயே இல்லையே."

"பேசறதுக்கு முன்னாடி சின்னதா மூச்சு இழுக்கிறான்."

"அது படிக்கிறவரு மூச்சு."

"மத்தவங்களுக்கு இல்லையே. இவனுக்கும் எப்பவும் இல்ல. அன்னிக்கு எங்க இருந்தேன்னு சொல்றப்ப மட்டும்தான். மூணு வாட்டி."

அறைக்குப் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அந்த மூன்று இடங்களையும் திரும்ப ஓட்டினேன். இருந்தது. தாளைப் புரட்டும் அளவுக்குக்கூடச் சத்தமில்லாத ஒரு மூச்சு. வாசிப்பவர் அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார். யார் கவனிப்பார்கள் என்று நினைத்து வைத்தாரோ! பழுதில்லாத என் காதுகள் அதைத் தவறவிட்டிருந்தன. அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. பார்த்துச் சொல்ல அங்கே முகம் எதுவும் இல்லை.

இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். சொன்னால் வீம்புக்காகவே கழற்றிவிடுவார் என்று சும்மா இருந்துவிட்டேன்.

மாதம் முடிந்த சனிக்கிழமை காதுக்கருவி நிலையத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. திருப்பிக் கொடுக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையை நீட்டி போனை வாங்கினார். அப்பா போனில் பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இல்லம்மா, இப்ப தர முடியாது. கதை நடுவுல இருக்கேன்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கொலகாரன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெரிய வேணாமா?"