பதின்மூன்றாவது பொருள்

எடெல்காவின் பிழைப்பே குறைப்பதுதான். எரிவாயு எரியும்போது நூற்றுப் பன்னிரண்டு பொருட்கள் தோன்றி மறைகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு. அத்தனையையும் சுமக்க, குளியலறை வெந்நீர்க் கொதிகலனுக்குள் இருக்கும் சின்னக் கணினிக்குத் தெம்பு கிடையாது. பன்னிரண்டுக்குள் அடக்கிக் கொடுங்கள் என்று கொதிகலன் செய்யும் தொழிற்சாலை கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுத்தால் ஹங்கேரியின் வெஸ்பிரேம் பல்கலைக்கழகத்தில் அவள் வேலை தங்கும். இல்லாவிட்டால், ஐம்பத்திரண்டு வயதில் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

வியாழன் காலை எண்ணிக்கை பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. ஆனால் தீ பற்றவில்லை. கணக்கை எத்தனை முறை ஓட்டினாலும், திரையில் வாயு ஆறிய கஞ்சியாகக் கிடந்தது. பக்கத்து மேசை போல்டிஜார் எட்டிப் பார்த்தான்.

“நல்லாத்தான் சிக்கனம் பண்ணியிருக்கீங்க. அடுப்பே எரியல.”

சிரிக்கத்தான் முயன்றாள். அழுகை முந்திக்கொண்டது.

தப்பு அவளுடையதேதான். எரிந்து முடிந்தபின் எது மிச்சம் என்று பார்த்து, இல்லாததையெல்லாம் வெட்டியிருந்தாள். ஹைட்ரஜன் பெராக்சைடு முடிவில் இருக்கவே இருக்காது. முன்னால் மெல்லச் சேர்ந்து, சட்டென்று உடைந்து, தீயை மூட்டிவிட்டுப் போய்விடும். இருபது வருஷம் இதே வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? அவசரம் கண்ணை மறைத்தது. அதைத் திரும்பச் சேர்த்தாள், தீ பற்றியது. எண்ணினாள். பதின்மூன்று.

அன்று முழுக்க ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதை எடுத்தாலும் கணக்கு கோணிக்கொண்டது. கார்பன் மோனாக்சைடைத் தனியாக எண்ணாமல் நேரே கரியமில வாயுவில் சேர்த்தபோது மட்டும் தீ சமர்த்தாக எரிந்தது. பன்னிரண்டு! தொழிற்சாலைக்காரர்கள் தீ பற்றுகிறதா என்றுதான் சோதிப்பார்கள். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் குளிர்காலம் தவறாமல் ஊரில் யாராவது குளிக்கப் போய்த் திரும்புவதில்லை. வாசனையே இல்லாத அந்த மோனாக்சைடு விஷவாயு கூடும்போது கொதிகலன் தானாக அணைய வேண்டும் என்பதற்குத்தானே இந்தக் கணக்கே?

வெள்ளி பதினொன்றரைக்குத் துறைத்தலைவர் லோராண்டின் அறைக்குப் போனாள். பொகாச்சா ரொட்டியை மென்றுகொண்டே அவர் தாளுக்குக் கையை நீட்டினார்.

“பதிமூணு சார். இதுக்குக் கீழ முடியாது.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். அவர் குரல் கெஞ்சியது.

“பன்னெண்டுதானே கேட்டாங்க, எடெல்கா. ஏதாவது ஒண்ண எடுத்துடுங்களேன்.”

“எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டேன் சார். இனி என்னைத்தான் எடுக்கணும்.”

சொல்லிவிட்டுப் பதின்மூன்றும் இருந்த தாளை அவர் கையில் வைத்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.