மலை வைத்திருந்த மழை

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெண்களில் ஒன்றுகூட ஆற்றங்கரையில் வாழ்க்கைப்படாமல் பார்த்துக்கொண்டேன்.

நான் கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்து, சமவெளியில் ஆற்றங்கரை ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ரேடியோ கடலில் பிறக்கிற பெரிய மழையைச் சொல்லும். சமவெளிக்காரர்கள் தலைக்கு மேலே பார்த்துச் சின்ன மழையைச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே மலை தனக்கென்று ஒரு மழை வைத்திருக்கிறது. காலை வெயிலில் சரிவு காயும், காற்று மேலேறும், மத்தியானத்தில் மேகம் பஞ்சுப் பொதியாய் எழும்பி உச்சியில் தட்டையாகும். மழை அங்கேயே பெய்துவிடும். இங்கே வெயிலடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்ட வாரம் அது. பாலத்து வழி அடைபட்டுவிட்டது. பிடுங்கிய மல்லாட்டை, கடலைக்கொடியோடு அக்கரை நிலத்தில் கிடந்தது. ஆறு வறண்டுதானே கிடக்கிறது, அதில் வண்டியை இறக்கு என்றாள் மாமியார். என் வீட்டுக்காரர் மாட்டைப் பூட்டினார்.

"ஏங்க, வெள்ளிமல மேல மேகம் குந்திக்கினு கீது. ஆத்துல எறங்காதீங்க" என்றேன்.

வண்டி புறப்படும்போது அபசகுனமாக எதுவும் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் என் வாயிலேயே அடித்தாள்.

பொழுது சாய, வீட்டுக்காரர் மட்டும் நனைந்து வந்தார். பெற்றவள் கேட்ட முதல் கேள்வி, "மாடு எங்கடா?"

நுகத்தடியோடு வெள்ளத்தில் போய்விட்டன என்றார்.

"இவ கருநாக்கு காவு வாங்கிடுச்சு" என்று அவள் அடுப்புக்குப் போனாள். கரண்டிக் காம்பைப் பழுக்கக் காய்ச்சி என் நாக்கில் வைத்தாள். என் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது, கரையேறி வந்தாரே, அந்த மனிதர்தான்.

புண் ஆறியது. வேறு மாடுகள் வந்தன. அதன்பிறகு வண்டி பூட்டும் முன்னால் அவளே வந்து நிற்பாள்.

"சொல்லுடி, மலையில இன்னா கீது?"

மலையைப் பார்ப்பேன். அவளைப் பார்ப்பேன். வாயைத் திறக்கமாட்டேன். பயந்துகொண்டு வண்டியை அவிழ்த்துவிடுவார்கள். மில்லுக்கு வெட்டிய கரும்பு வாசலிலேயே காய்ந்தது. என் பிள்ளைகளும் அதனால் அரைவயிறுதான் தின்றன. எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

கடைசியில் அவள் படுக்கையில் கிடந்தபோதுகூட, ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு மழை வருமா என்று கேட்டாள். கட்டிலை நகர்த்தச் சொல்லத்தான் கேட்டாள். தட்டையான மேகத்தை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே போனேன்.

இத்தனையையும் இப்போதுதான் எழுதி முடித்தேன்; என் எழுத்து கோணல்மாணல். பேத்தியைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தேன்.

"நீ படி கண்ணு, ஆயா கேக்கறேன். மொகத்தச் சுளிக்காம படி."