மைனி எண்ணிய புரோட்டான்கள்

நியூட்ரினோவை யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனாலும் ஆறு வருடமாக அதை நம்பித்தான் முனைவர் பட்டத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தேன். எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரிய தொட்டி நிறையத் திரவ ஆர்கான். கோடானுகோடி நியூட்ரினோக்கள் சும்மா கடந்து போக, எப்போதாவது ஒன்று ஏதோவோர் அணுக்கருவில் மோதும். கருவிலிருந்து புரோட்டான்கள் தெறிக்கும். அவை போன தடம் படமாகப் பதியும். படத்துக்கு எத்தனை புரோட்டான் என்று கணினி எண்ணும். அது சரிதானா என்று சில நூறு படங்களை நான் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். இந்த மகத்தான வேலை எங்கள் ஊரான புதுக்கடையில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது.

என் எண்ணிக்கை கோட்பாடு சொன்னதோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அடுத்த மாதமே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். பேராசிரியர் ஒன்றுதான் கேட்டார்: என்ன விடை வர வேண்டும் என்று தெரியாத இன்னொருவர் அதே படங்களை எண்ண வேண்டும்.

அந்தத் தகுதி எங்கள் மைனிக்கு முழுதாக இருந்தது. அண்ணன் மனைவி. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பதினொரு வருடமாக முந்திரிப்பருப்பை முழுசு, பாதி, பொடி என்று தரம் பிரிப்பவர். ஆலை அப்போது பத்து நாள் மூடியிருந்தது. மோதல் நடந்த புள்ளியைக் காட்டி, அங்கிருந்து கிளம்பும் தடித்த கோடுகளை எண்ணச் சொன்னேன்.

நாலு நாளில் முடித்துவிட்டார். பல படங்களில் என்னைவிட ஒன்றிரண்டு கூடுதல்.

"மைனி, இல்லாததை எல்லாம் எண்ணி வச்சிருக்கியளே!" என்றேன், எரிச்சலாகத்தான்.

அவர் படத்தைப் பெரிதாக்கி, புள்ளியை ஒட்டிக் கிடந்த குட்டிக் கோடு ஒன்றில் விரலை வைத்தார். "அப்பம் இது என்னதாம் ஏட்டி? பொடின்னா கணக்குல சேராதா?"

வேகம் குறைந்த புரோட்டான். அடுத்த படத்திலும் இருந்தது. நானும் பார்த்தவைதான் எல்லாம். கோட்பாட்டில் அத்தனை கிடையாது என்பதால், ஏதோ அழுக்கு என்று தள்ளியிருந்தேன். அப்படித் தள்ளுவதற்குத்தான் அவ்வளவு படித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. குளியலறைக்குப் போய் அழுதேன்.

பேராசிரியருக்கு உள்ளதை எழுதினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணச் சொன்னார். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. இரண்டாவதாக எண்ணியவரின் அனுபவம் என்ன என்றும் கேட்டிருந்தார். பதினொரு வருடம் என்று மட்டும் பதில் போட்டேன்.

மைனியிடம் சொன்னபோது அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தப்பா எண்ணுனதுக்கு இன்னும் ஒரு வருசம் குடுத்திருக்காவளா? நல்ல எடந்தான் ஏட்டி. அண்டி ஆபீசுல இப்பிடி எண்ணியிருந்தா, நாளைக்கு வரண்டாம்னு சொல்லியிருப்பாவ."