பதினொரு குழாய் மழை

மார்ச் பிறந்துவிட்டால் சக்லேஷ்பூர் பக்கத்தில் யாரும் யாரிடமும் நலம் விசாரிப்பதில்லை. "எத்தனை சென்ட்?" என்பதுதான் கேள்வி. ஒரு இஞ்ச் மழைக்கு நூறு சென்ட். ஒவ்வொரு காப்பித் தோட்டத்து வீட்டிலும் முற்றத்தில் ஒரு மழைமானி நிற்கும், அதன் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். காலை எட்டு மணிக்குள் நாற்பது வீடுகளுக்குப் போன் செய்து, ஊர்வாரியாக எண்ணை வாங்கி, எங்கள் பத்திரிகையின் தாலுகா பக்கத்துக்கு அனுப்புவது என் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். நாற்பது வீடுகளில், நான் போன் செய்வதற்கு முன்பே எனக்குப் போன் செய்வது ஒரே ஒரு ஆள். பைலுகொப்பல் ஜலஜாட்சி.

"பேப்பர் அண்ணா, எழுதிக்கங்க" என்பார். எழுதி முடிப்பதற்குள், "சரி, இதுக்கு என்ன காரணம்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஒன்றை ஆரம்பிப்பார். நான் பதில் தெரியாமல் அடுத்த வீட்டுக்குப் போன் செய்வேன். அவர் அந்தக் கேள்வியோடு தோட்டத்துக்குப் போவார்.

அரசிக்கெரெயிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அது தென்னந்தோப்புச் சீமை. மழை வந்தால் வந்தது, யாரும் அளப்பதில்லை. இங்கே வந்த முதல் வாரமே மாமனாரின் மழைமானி அவர் பொறுப்பானது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டில் முதலில் எழுகிறவர் அவர். உட்கார்ந்து காப்பி குடித்து யாரும் அவரைப் பார்த்ததில்லை. டம்ளரோடு நடந்துகொண்டே குடிப்பார்.

பைலுகொப்பல் மழைமானி சாதாரண மழைமானி அல்ல. மறைந்த மாமனார் நாற்பது வருடம் ஒரு நாள் விடாமல் எழுதி வைத்த வீடு. அந்த மலைமுகட்டின் இரண்டு பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு தோட்டக்காரர்கள் தங்கள் நோட்டைப் புரட்டுவதற்கு முன் இந்த வீட்டுக் கணக்கைக் கேட்பார்கள். ஜலஜாட்சியின் கணவர் மல்லப்ப கவுடருக்கு அதில் உள்ளூர ஒரு கர்வம்.

சந்தேகத்தைக் கிளப்பியது மிளகு. ஒரு வருடம் மாலை மழையில் மழைமானி நாற்பது சென்ட் காட்டியது. ஓடைக்கு அந்தப் பக்கம், கீழ்ச் சரிவில் பாயில் காயப் போட்டிருந்த மிளகு நாசமாகியிருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தால், பாய் அப்படியே மொறமொறவென்று கிடந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

"மாட்டுக்கு ஒரு கொம்பு நனைஞ்சா இன்னொரு கொம்பு காயும், அதெல்லாம் எப்பவும் இருக்கறதுதான்" என்றார் கவுடர்.

"அது எனக்கும் தெரியும். எந்தக் கொம்பு எவ்வளவு நனையுதுன்னு தெரியணுமில்ல?" என்றார் ஜலஜாட்சி.

அடுத்த மழைக்கு முன்னால் வீட்டு டம்ளர்கள் பன்னிரண்டையும் தோட்டம் முழுக்கக் கொண்டுபோய் வைத்துவிட்டார். விருந்தாளிக்குக் காப்பி கொடுக்க வீட்டில் டம்ளர் இல்லை. மழை முடிந்ததும் ஸ்கேலை விட்டு அளந்து, எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, எனக்குச் சொன்னார்: ஒரு இஞ்ச் அறுபத்திரண்டு சென்ட். சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு இஞ்சைத் தாண்டவில்லை. எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கேள்வி கேட்காமல் அனுப்பிவிட்டேன். மறுநாள் தாலுகா முழுக்க அதுதான் பேச்சு. பக்கத்துத் தோட்டத்து சந்திரேகவுடர் கடைவீதியில் என்னை நிறுத்தி, "என்னய்யா, பைலுகொப்பலுக்கு மேல மட்டும் மேகத்துல ஓட்டையாமே?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மல்லப்ப கவுடர் ஒரு வாரம் கடைவீதிப் பக்கமே வரவில்லை.

ஜலஜாட்சிக்கு வெட்கத்தைவிட ஏன் என்ற குடைச்சல்தான் அதிகம். ஒரே இடத்தில் ஒரு டம்ளரையும், அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு பழைய டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடுத்த மழையில் டம்ளர் உயரமாகவும் டப்பா தாழ்வாகவும் காட்டின. அன்றைக்கு மதியம் அவர் என்னை அழைத்தது எண் சொல்ல அல்ல.

"அண்ணா, டம்ளருக்கு வாய் அகலம், அடி ஒடுக்கம். அகலமா வாங்கி ஒடுக்கமா அடுக்குது. பொய் உயரம். நான் ஒரு மடச்சி, உங்களையும் மாட்டி விட்டுட்டேன்."

பிறகு செடிக்குத் தண்ணீர் தெளிக்க ஸ்பிரிங்ளர் போட்டபோது மிச்சமான நாலு அங்குல பிளாஸ்டிக் குழாயை ஒரே அளவில் பதினொரு துண்டாக அறுத்து, அடியை மூடி, குச்சியில் கட்டி, மரநிழல் விழாத இடமாகப் பார்த்து நட்டார். மரத்தடியில் வைத்தால் இலை சொட்டும் தண்ணீரும் சேர்ந்துவிடும் என்பதால் அதை ஒதுக்கினார். இரண்டு வருடம் பதினொன்றையும் நடந்து நடந்து அளந்தார். ஊர் அதை ஜலஜாட்சியின் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டது. பத்திரிகைக்கு மட்டும் ஒழுங்காக மாமனார் மழைமானியின் எண்ணையே கொடுத்தார்.

இந்த வருடம் பிப்ரவரி முழுக்கக் காய்ந்தது. ரோபஸ்டா காப்பிச் செடிகளில் மொட்டுகள் ஊசிபோல் இறுகிக் காத்திருந்தன. முதல் மழை ஒரு இஞ்சை ஒட்டிப் பெய்துவிட்டால் ஒன்பதாம் நாள் மலை முழுக்கப் பூத்து வெள்ளையாகும். முக்கால்கூட இல்லாமல் கால் இஞ்ச், அரைக்கால் இஞ்ச் என்று நின்றுவிட்டால்தான் ஆபத்து. மொட்டு விழித்துவிடும், விரிய முடியாமல் கருகிவிடும். மழையே இல்லாததைவிட அது மோசம். அப்படி நடந்தால் நாலைந்து நாளுக்குள் ஸ்பிரிங்ளர் போட்டுக் குறையை நிரப்ப வேண்டும். தவறவிட்டால் அந்தச் சரிவில் அந்த வருடம் காப்பி இல்லை.

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை சாயங்காலம் மழை வந்தது. வெள்ளி காலை மாமனார் மழைமானி காட்டியது ஒரு இஞ்ச் எட்டு சென்ட். நல்ல எண். நான் எழுதிக்கொண்டேன். சந்திரேகவுடர் அன்றைக்கே பம்பைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார். முகட்டைச் சுற்றியிருந்த மற்றவர்களும் அதையே செய்தார்கள்.

ஜலஜாட்சி குழாய்களைச் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு மறுபடி அழைத்தார். மூச்சு வாங்கியது.

"மேல ஏழு குழாயில ஒரு இஞ்ச், ஒண்ணு பத்து, தொண்ணூத்தஞ்சு. ஓடைக்கு அந்தப் பக்கம் நாலுலயும் முப்பத்தொண்ணு, இருபத்தெட்டு, முப்பத்தஞ்சு, முப்பது. அண்ணா, கீழ் நாலு ஏக்கர் போச்சு."

"கவுடர் என்ன சொல்றார்?"

"அவரா? அவங்கப்பா சொல்றதைத்தான் அவர் சொல்வாரு. அவங்கப்பா மழைமானிக்குள்ள இருக்காரு."

அன்றைக்கு மதியம் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போன நான் அவர்கள் முற்றத்தில் நின்றேன். கவுடர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். ஜலஜாட்சி நிற்கவில்லை; முற்றத்தை அளப்பதுபோல் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார்.

"நாப்பது வருஷமா அந்த மழைமானி ஒரு தடவை பொய் சொல்லலை, ஜலஜா."

"இப்பவும் பொய் சொல்லலைங்க. தன் தலைமேல விழுந்ததைச் சொல்லுது. ஓடைக்கு அந்தப் பக்கம் அதுக்குத் தலை இல்லையே!"

"குளத்துல மூணரை ஏக்கருக்குத்தான் தண்ணி இருக்கு. இப்பவே அதைக் கீழ கொட்டிட்டு, பூத்த பிறகு இருபது நாள்ல மழை வரலைன்னா? மேல பூத்ததும் பிஞ்சாகாம உதிரும். உன் குழாயை நம்பி ரெண்டு பக்கமும் விடணுமா?"

அதுதான் உண்மையான பயம். டம்ளர் வருடம் இருவருக்கும் நினைவிருந்தது. "திங்கள்கிழமை வரைக்கும் பாக்கலாம். மழை மறுபடி வரும்" என்றார் கவுடர். திங்கள் என்றால் நாலாவது நாள்.

சனிக்கிழமை வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஞாயிறு காலையும் அப்படியே. அன்று ஜலஜாட்சி ஒரு வேலை செய்தார். மேல் சரிவில் பத்துச் செடியிலும் கீழ்ச் சரிவில் பத்துச் செடியிலும் ஒவ்வொரு மொட்டைக் கிள்ளி வந்தார். முறத்தில் இரண்டு வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு மொட்டுக்கும் பக்கத்தில் ஒரு அரிசி வைத்தார். கவுடர் அரிசிமாவு அக்கிரொட்டியோடு உட்கார்ந்திருந்தபோது முறத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினார்.

"ஏங்க, எது எந்தச் சரிவுன்னு நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

ஒரு வரிசை மொட்டுகள் அரிசியைத் தாண்டிப் பசேலென்று பருத்திருந்தன. இன்னொரு வரிசை அரிசியில் பாதிக்கு வந்து நின்றுவிட்டது, நுனியில் லேசாகச் சிவப்பு. கவுடர் ரொட்டியைப் பிட்டவர் வாயில் வைக்கவில்லை. பாதி மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே ஈரம் இல்லை. எழுந்து பம்ப் கொட்டகைச் சாவியை எடுத்தார்.

"தண்ணி தீந்து, மழையும் வரலைன்னா?" என்று கேட்டார்.

"அப்பவும் நான் நடந்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

ஞாயிறு மதியம் பைலுகொப்பலில் பம்ப் ஓடிய சத்தம் முகடு முழுக்கக் கேட்டது. நல்ல மழை விழுந்த மூன்றாம் நாள் ஸ்பிரிங்ளர்! இந்தப் பக்கத்தில் அதைவிடச் சிரிப்பான காரியம் கிடையாது. சந்திரேகவுடர் வேலி ஓரத்துக்கு வந்துவிட்டார். அவருடைய கீழ்த் தோட்டமும் அதே சரிவுதான், நடுவில் முள்கம்பி மட்டும்.

"என்ன தங்கச்சி, மழையைக் குளிப்பாட்டறியா?"

"அண்ணா, உங்க பக்கமும் முப்பது சென்ட்தான் இருக்கும். பம்பை எடுங்க. இன்னும் ஒரு நாள் இருக்கு."

"உங்க மாமனார் ஒரு இஞ்ச் எட்டுன்னாரு. பேப்பர்லயும் ஒரு இஞ்ச் எட்டு. உன் டம்ளர் என்ன சொல்லுச்சு, ரெண்டு இஞ்சா?" கூலியாட்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள்.

செவ்வாய் சாயங்காலம் குளத்தில் சேறு தெரிந்தது. பம்ப் காற்றை இழுத்து இருமியது. கடைசி அரை ஏக்கருக்குத் தண்ணீர் போகவில்லை. ஜலஜாட்சி குடத்தில் மொண்டு ஊற்றலாமா என்று கேட்டாராம். கவுடர்தான் அவர் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்திருக்கிறார்.

ஒன்பதாம் நாள் மேல் சரிவு வெடித்தது. அந்த வாசனையில் எனக்கு ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை, தேனீ முகத்தில் மோதியது. எல்லா ஊரிலும் பூ, எல்லாருக்கும் சந்தோஷம். ஜலஜாட்சி மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். கீழே மொட்டு பருத்தது, விரியவில்லை. செவ்வாயன்று எனக்கு நாலு முறை போன். "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்று வைத்துவிடுவார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நானே போனேன். ஓடையைத் தாண்டியதும் மூன்றரை ஏக்கர் வெள்ளை. கவுடர் ஒரு கிளையைக் கையில் ஏந்தியபடி நின்றார். முள்கம்பிக்கு அப்பால் சந்திரேகவுடர் தோட்டம் துருப்பிடித்த ஊசிகளாக நின்றது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு தடவை அடிச்சுச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

ஜலஜாட்சி "சொன்னேன்ணா" என்றார். அவர் கண் வேறெங்கோ இருந்தது. தண்ணீர் எட்டாமல் போன கடைசி அரை ஏக்கரை நோக்கி விடுவிடுவென்று நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

அங்கேயும் எல்லாம் கருகல்தான். ஆனால் நடுவில் நின்ற பெரிய பலாமரத்தைச் சுற்றி, கிளை முடியும் இடத்தில், வட்டம் போட்டதுபோல் பதினைந்து செடிகள் பளிச்சென்று பூத்திருந்தன. வட்டத்துக்கு உள்ளே கருகல், வெளியே கருகல்.

"இலை சொட்டின தண்ணி" என்றார் கவுடர் மெதுவாக.

"முப்பது சென்ட் மழையை மரம் வாங்கி ஓரத்துக்குத் தள்ளி ஒரு இஞ்சாக் கொடுத்திருக்கு" என்றார் ஜலஜாட்சி. குரலில் சந்தோஷம் இல்லை, கோபம்தான் இருந்தது. "மரத்தடியில வச்சா தப்பாக் காட்டும்னு ரெண்டு வருஷமா ஒதுக்கினேனே. தப்பு இல்லைங்க, செடி குடிச்சது அதைத்தான்."

சந்திரேகவுடர் கம்பியைத் தாண்டி வந்து வட்டத்தைப் பார்த்தார். தன் தோட்டத்துப் பலாமரங்களை நோக்கித் திரும்பினார். அங்கேயும், தூரத்தில், இரண்டு மூன்று வெள்ளை வளையங்கள் தெரிந்தன. முழுச் சரிவில் அவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான். "அந்தக் குழாய் மிச்சம் இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தான் இருக்குண்ணா. எனக்கே பத்தாது."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு அறுத்துத் தர்றேன். ஒண்ணு வெளிய, ஒண்ணு மரத்து ஓரத்துல. தினம் எனக்குச் சொல்லணும்."

குளம் காலி. இருபது நாள் கணக்கு மேல் சரிவுக்கு ஓடத் தொடங்கி ஐந்து நாளாகிவிட்டது. அன்றைக்குப் பிறகு ஜலஜாட்சி வானத்தைப் பார்த்த பார்வை எனக்கே தொற்றிக்கொண்டது. எழுதிக்கொண்டிருந்த செய்தியை விட்டுவிட்டு ஜன்னலுக்கு எழுந்து போவேன். பதினாறாம் நாள் இடி மட்டும் இடித்தது. பதினேழாம் நாள் தூறல், கணக்கில் சேராதது. பதினெட்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கொட்டியது. ஓடை கலங்கி ஓடியது. குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

மறுநாள் ஆறே முக்காலுக்குப் போன். "எழுதிக்கங்க அண்ணா." எழுத ஆரம்பித்தேன். எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, தொண்ணூறு... மாமனார் மழைமானியும் சேர்த்துப் பதினான்கு எண்கள் வந்தன. கடைசி இரண்டு சந்திரேகவுடருடையவை.

"அம்மா, ஒரு ஊருக்கு ஒரு எண்ணுக்குத்தான் எனக்கு இடம். எதைப் போட?"

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. நடந்துகொண்டுதான் இருந்தார்.

"எதை வேணும்னாலும் போடுங்க. எந்த இடத்துல விழுந்துச்சுன்னு பக்கத்துல போட்டுடுங்க."

பதினான்கையும் இடத்தோடு அடுக்கி முடிக்க, அன்றைக்குப் பக்கம் அரை மணி நேரம் தாமதமாகப் போனது.