இடுப்பில் போட்ட தையல்

நெஞ்சுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நடமாடும் பெண்கள் எல்லாக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒடுங்கிய இடம்தான் அவள் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவரில் தொங்கும் அளவு டேப். ஆறு மாடிக்காரர்களின் துணியும் அவள் கைக்கு வராமல் வெளியே போகாது. யாருக்கு எந்தத் தோள் இறக்கம், யார் தொப்பையை எக்கிக்கொண்டு அளவு கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டாள்.

அவள் குடியிருப்பது இரண்டாவது மாடியில். கணவர் பேருந்து ஓட்டுநர், மாலை ஷிப்ட். கடைசி நடை முடித்து, வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்து படுக்க இரண்டு மணி ஆகிவிடும். காலை எட்டு வரை தூங்கினால்தான் அவர் மனிதர்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் எமன் வந்தான். மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த வங்கி மேனேஜர் மேடத்தின் உருவத்தில், தினமும் காலை நாலரை மணிக்கு, ஒரு ஸ்கிப்பிங் கயிற்றோடு வந்தான்.

தட். தட். தட். கூடவே வாய்விட்டு எண்ணிக்கை வேறு. நானூறு வரைக்கும் போகும். கீழ்வீட்டு மின்விசிறி ஆடும். டிரைவர் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. இருபத்திரண்டு வருடங்களாக ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டிய மனிதர், ஒரு சிக்னலில் கண்ணை மூடிவிட்டார். பச்சை விழுந்தும் பேருந்து நகரவில்லை. பயணிகள் புகார் செய்தார்கள். டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

அந்தக் காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஊசியக்கா மாடியேறினாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கயிறை ஒரு எட்டு மணிக்கு மேல ஆடுனா நல்லா இருக்கும். எங்க வீட்டுக்காரர் ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்து படுக்கிறாரு."

மேடம் வியர்வையைத் துடைத்தபடி சொன்னார். "ஏழரைக்கு நான் ஆபீஸ் கிளம்பணும். அப்புறம் எப்ப குதிக்கிறது?"

"கீழ மைதானம் இருக்கே மேடம்."

"நாலு பேர் பாக்க நான் குதிக்கணுமா? இதோ பார், நாள் பூரா உட்கார்ந்துதானே வண்டி ஓட்டுறாரு, அவருக்கு எதுக்கு இவ்வளவு தூக்கம்? காதுல பஞ்சு வெச்சுக்கச் சொல்லு. ஆ, அப்படியே இந்த அஞ்சு பேன்ட்டையும் எடுத்துட்டுப் போயிடு. ஞாயித்துக்கிழமை இஸ்திரி போட்டுக் குடுத்தாப் போதும்."

கதவு மூடிக்கொண்டது. கை நிறைய அந்தப் பெண்மணியின் பேன்ட்டுகள். கண் நிறையத் தண்ணீர். என்னிடம் இதைச் சொன்னபோதுகூட ஊசியக்காவின் உதடு துடித்தது.

கடைக்கு வந்து பேன்ட்டுகளை மேசையில் விரித்தாள். இஸ்திரிப் பெட்டி சூடேறும் வரை அந்த இடுப்புப் பட்டிகளையே பார்த்தாள். பிறகு பிளேடை எடுத்து, பின்பக்கத் தையலைப் பிரித்து, ஒரே ஒரு நூல் உள்ளே தள்ளி மறுபடி தைத்தாள். தையல்காரர் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. யார் கண்ணுக்கும் தெரியாது. இடுப்புக்கு மட்டும் தெரியும்.

ஒவ்வொரு வாரமும் ஐந்து பேன்ட். ஒவ்வொரு வாரமும் ஒரு நூல்.

ஐந்தாவது வாரம் மேடம் கடைக்கே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"ஏன்மா, துவைச்சா துணி சுருங்குமா?"

"இந்தத் துணி சுருங்காது மேடம்."

"அப்ப நான்தான் பெருத்துட்டேனா? எடை மெஷின்ல அப்படியேதான் காட்டுது. ஆனா பட்டன் போட மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கு."

"மெஷின்ல பேட்டரி தீர்ந்திருக்கும் மேடம்."

ஊசியக்கா தலை குனிந்து நூல் கோத்தாள். அன்று மாலை வரைக்கும் அவளுக்குப் பசிக்கவில்லை. அவ்வளவு நிறைவு.

பாவம், அவள் கணக்கு எங்கே தப்பியது என்று சொல்கிறேன். தன் உடம்பு பெருக்கிறது என்று நினைத்தால் மேடத்தைப் போன்ற பெண் என்ன செய்வாள்? மனம் ஒடிந்து மூலையில் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்துவிட்டாள் ஊசியக்கா. ஏனென்றால் ஊசியக்காவாக இருந்தால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். மேனேஜர் மேடமோ அலாரத்தை நாலு மணிக்கு மாற்றினார். நானூறு குதிப்பு ஆயிரம் ஆனது. ஒரு மரப்பெட்டியும் வந்தது, ஏறி இறங்குவதற்கு.

அந்த வாரமே டிரைவர் டிப்போவுக்குள் வண்டியைத் திருப்பும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைத் தூணில் உரசினார். நல்லவேளை, மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஊசியக்காவிடம் கேட்டார்.

"எதுக்கும்மா அந்தம்மா இப்ப ஒரு மணி நேரம் குதிக்குது? முன்ன அரை மணி நேரம்தானே?"

ஊசியக்காவால் மறைக்க முடியவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னார்.

"அடிப்பாவி. நீ அவங்க இடுப்புல குத்துன ஊசி என் மண்டையில இறங்கியிருக்கு."

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. வேலை போனால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று விடியும்வரை நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை பேன்ட்டுகள் வந்தன. போட்ட தையலை எல்லாம் பிரித்தாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் அது மனம் திருந்திய கதையாக இருந்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. உள்மடிப்பில் ஒளிந்திருந்த துணியிலிருந்து இன்னும் இரண்டு நூல் வெளியே விட்டாள். அடுத்த வாரம் மேலும் இரண்டு.

பத்தே நாளில் பெட்டிச் சத்தம் நின்றது. மூன்றாவது வாரம் கயிறும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மேடம் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே படியிறங்கி வந்தார்.

"பாத்தியா, இறங்கி விழுது. நான் ஜெயிச்சுட்டேன். அளவெடுத்து டைட் பண்ணிக் குடு."

ஊசியக்கா டேப்பைச் சுற்றினாள். முப்பத்தாறு. குடிவந்த புதிதில் எடுத்த அதே முப்பத்தாறு.

"எவ்வளவு?"

"முப்பத்தி நாலு மேடம்."

மேடத்தின் கண்கள் கலங்கிவிட்டன. அவ்வளவு பெரிய வங்கியை நிர்வகிக்கும் பெண்மணி, மாடிப்படிக்குக் கீழே நின்று, குழந்தையைப் போல ஊசியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கே ஒரு கணம் இரக்கமாக இருந்தது. ஊசியக்காவுக்கு இல்லை. பேன்ட்டுகளைப் பழைய அளவுக்கே பிடித்துக் கொடுத்தாள்.

இப்போது டிரைவர் எட்டு மணி வரை குறட்டை விடுகிறார். இரண்டாவது மெமோ வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஐந்து பேன்ட்டுகள் மட்டும் தவறாமல் கீழே வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நூல் அகலமாகி மேலே போகிறது.

நேற்று மேடம் கையில் ஒரு பெரிய கேக் பெட்டியோடு படியேறினார். கடைப் பக்கம் நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "இப்பல்லாம் பயமில்லாம சாப்பிடுறேன். ஆனாலும் உடம்பு ஏறவே இல்ல, பாரேன்."

"நல்லா சாப்பிடுங்க மேடம்," என்றாள் ஊசியக்கா, பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடி. "பேன்ட்டை நான் பாத்துக்கிறேன்."