மாமனாருக்குத் துணையாகச் சாப்பிட்ட காலம்

மலேசியாவின் கூலாயில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கும் சாமி மேடைக்கும் நடுவே, எடை பார்க்கும் தராசு ஒன்று கிடக்கிறது. ஏறி நின்றால் முள் நகருமே, அந்த வகை. வாங்கி வந்தவன் நான்தான். இப்போது மேலே ஒட்டியிருந்த ரப்பர் தேய்ந்து, வலது கால் வைக்கும் இடத்தில் வழுக்கை விழுந்துவிட்டது. மாமனார் ஒருநாளும் அதைத் தராசு என்று சொன்னதில்லை. அவருக்கு அது தீம்பாங். வாழ்நாளெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர் அவர். ஆலை வாசலில் லோரியை ஏற்றி நிறுக்கிறார்களே, அந்த மேடையின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார். முதன்முதலில் அதில் ஏறியபோது, இடுப்பில் நிற்காத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து முள்ளைப் பார்த்தார். "லோரி காலி மாப்ள. காலி லோரிய எதுக்கு தீம்பாங்ல ஏத்துறீங்க?" என்றார். நான் சிரித்துவைத்தேன். சிரிக்கும்படியாக அங்கே ஒன்றும் இல்லை.

எல்லாம் அவர் கண் மஞ்சளானதில் தொடங்கியது. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் பால் ஊற்றாத தே-ஓ நிறத்தில் போனது. பார்த்த மாத்திரத்தில் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மஞ்சள் காமாலை. அவர் பாலோ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குக் காமாலை வந்தபோது பத்தியம் போட்டே பிழைக்க வைத்ததைக் கண்ணால் பார்த்தவர். அவரிடம் யார் வாதாடுவது? எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, மீனும் முட்டையும் இறைச்சியும் வாசற்படி தாண்டக் கூடாது. காலையில் கீழாநெல்லி அரைத்த மோர், அப்புறம் வேளாவேளைக்கு நொய்க்கஞ்சி. கணவருக்கு ஆசை வந்துவிடப் போகிறதே என்று வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டார். தானும் அதே உப்பில்லாக் கஞ்சியைத்தான் குடித்தார். புருஷன் மேல் இதைவிடப் பிரியமாக ஒரு பெண் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிரியம்தான் வாரக்கணக்கில் மாமனாரை எலும்பும் தோலுமாக்கிக்கொண்டிருந்தது.

மஞ்சள் குறையாமல் ஏறிக்கொண்டே போனதும், என் மனைவி அப்பாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனை, ஸ்கேன், பிறகு அந்தச் சொல். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயில் புற்றுநோய். கட்டி குழாயை அடைத்ததால் பித்தம் இரத்தத்தில் கலந்து கண் மஞ்சளாகியிருக்கிறது; காமாலைப் பத்தியத்துக்கு இதில் வேலையே இல்லை. முதலில் உள்ளே ஒரு சின்னக் குழல் வைத்துப் பித்தத்துக்கு வழி செய்தார்கள். சில நாளில் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. நாங்கள் மூச்சுவிட்டோம். மாமியாரோ, "பாத்தீங்களா, பத்தியம் வேல செய்யுது!" என்று கீழாநெல்லியை இன்னும் ஒரு கைப்பிடி கூட்டி அரைத்தார். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அறுவை மருத்துவர் சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். கட்டியை எடுக்க முடியும், ஆனால் இப்போது எடுக்க முடியாது என்றார். இது பெரிய அறுவை. அறுத்துத் தைப்பது அவர் வேலை, புண் ஆறுவது நோயாளியின் உடம்புடைய வேலை. அதற்கு உடம்பில் சத்து வேண்டும். மாமனாரின் இரத்தத்தில் புரதம் குறைந்திருந்தது, தசை கரைந்திருந்தது. இந்த நிலையில் கத்தி வைத்தால் தையல் பிடிக்காமல் போகலாம், கிருமி தொற்றலாம், படுக்கையிலிருந்து எழாமலே போகலாம். சில வாரம் நன்றாகச் சாப்பிட்டுத் தேறி வரட்டும், மறுபடி பார்க்கலாம் என்றார். ஒன்றை மட்டும் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: கட்டி நமக்காக ரொம்ப நாள் காத்திருக்காது. தேறினால் அறுவை, தேறாவிட்டால் அந்த வாசலும் மூடிவிடும். வீடு திரும்பும் வழியில் ஸ்கூடாய் நெரிசலில் கார் நின்றபோது மாமனார், "எண்ண இல்லாம எந்த லோரி மல ஏறும்? டாக்டரு சொல்றது சரிதான் லா" என்றார்.

அதே நாள் காலையில்தான் உணவு ஆலோசகரையும் பார்த்திருந்தோம். தலையில் தூடோங் கட்டிய இளம் மலாய்க்காரப் பெண். மாமனாரின் மேற்கையை நாடாவால் அளந்தாள். பிறகு ஒரு கருவியைக் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பள்ளமும் மேடுமான தோட்டத்துப் பாதையில் முப்பது வருடம் லோரி ஸ்டியரிங்கை முறுக்கிய கை அது. கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினார். முள் ஏதோ மரியாதைக்கு அசைந்து நின்றுவிட்டது. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயின் பெயரைக் கேட்டபோதுகூட அவர் முகம் அப்படிப் போகவில்லை. அந்தப் பெண் மலாயில் பொறுமையாகச் சொன்னாள்: முட்டை, மீன், கோழி, சோயாத் தவ்ஃபு, பால்மாவு, எல்லாம் சாப்பிடலாம், எண்ணெயும் சேர்க்கலாம். ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும். கடைசியில் மாமியாரைப் பார்த்து, "பந்தாங் மட்டும் வேண்டாம் மக்சிக்" என்றாள். பத்தியத்துக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது. மாமியாருக்கு நன்றாகவே புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் போர் மூண்டது. "மீனும் முட்டையும் குடுத்து திரும்பவும் மஞ்ச ஏறிடுச்சுன்னா? அந்தப் பொண்ணா வந்து பாக்கப் போவுது?" என்று மாமியார் கேட்க, "ஒடம்புல ஒண்ணும் இல்லாமதாம்மா ஆப்பரேஷன தள்ளி வச்சிருக்காங்க!" என்று என் மனைவி கத்த, இரண்டு நாள் சமையலறைப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே மீன் வறுத்தார். ஆனால் மாமனாரால் சாப்பிட முடியவில்லை. வாரக்கணக்கில் கஞ்சியே கண்ட வாய். வாடை பட்டாலே குமட்டியது. "இரும்ப நக்குன மாரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிட்டார். என் மனைவி கெஞ்சினாள், மிரட்டினாள், ஊட்டிவிட்டாள். தட்டு போனபடியே திரும்பி வந்தது. ஒருநாள் அவள் காருக்குள் போய் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். எனக்கு யார் மேலோ கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில் மாமனாரின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வந்தால் தனியாக உட்காரவைத்துச் சோறு போடக் கூடாது, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சாப்பிட வேண்டும். பல குடும்பங்களில் இது மறுவீட்டு விருந்தோடு முடிந்துபோகும். அவரிடம் முடியவே இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டேன். மாமியார் போன் போட்டிருக்கிறார். ஆலை வாசலில் வரிசையில் நின்ற மனிதர், குலையோடு லோரியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தெருவையே அடைத்து நின்றது லோரி. கை கழுவிவிட்டு உட்கார்ந்து, எனக்கு முதலில் பரிமாறச் சொல்லி, என்னோடு சாப்பிட்டு, மறுபடி ஏறிப் போனார். எதற்கு மாமா இவ்வளவு சிரமம் என்றால், "மாப்ளய தனியா சாப்பிட விட்டுட்டு நான் யாரு மூஞ்சில முழிக்கிறது?" என்றார். அவரைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது.

அந்தக் கெட்ட வாரத்தில் ஒரு காலை, நான் வேலை பார்க்கும் செனாய் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேராக மாமனார் வீட்டுக்குப் போனேன். உண்மையிலேயே கொலைப்பசி. மாமியார் பசியாற ரொட்டியும் முட்டையும் வைத்தார். நான் ஒரு வாய் வைத்திருப்பேன், உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மாமனார் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க சாப்பிடுங்க மாப்ள" என்று சொல்லி, மரியாதைக்காகத் தன் தட்டிலும் அரை முட்டையை எடுத்துவைத்துக்கொண்டார். நான் சாப்பிடச் சாப்பிட அவரும் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டார். முட்டை தீர்ந்துவிட்டது. அடுப்படி வாசலில் மாமியார் கரண்டியோடு சிலையாக நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "அத்தை, இன்னொரு முட்டை இருக்கா? பசி அடங்கல" என்றேன். அது பொய்.

அன்றைக்கே ஸ்கூடாயில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து துணிப்பையோடு மாமனார் வீட்டுக்குக் குடிவந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்னா தம்பி, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கிண்டலடித்தார். ஆமாம் என்றேன். ஷிப்டு போக மீதி நேரமெல்லாம் எனக்குப் பசித்தது. காலையில் பசித்தது, பத்து மணிக்குப் பசித்தது, மத்தியானத் தூக்கத்துக்கு முன்னும் பின்னும் பசித்தது. "மாமா, ஒரு வாய் பசியாறலாமா?" என்று கூப்பிட்டால் போதும், கட்டில் கிரீச்சிடும். நெத்திலி சம்பல், தவ்ஃபு பிரட்டல், கம்போங் நாட்டுக்கோழி ரசம், பால்மாவுக் கரைசல் என்று எனக்கு இரண்டு பங்கு, அவருக்கு ஒரு பங்கு. குமட்டிய நாளும் உண்டு. ஒருமுறை சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது, அன்று முழுக்க அவர் எழவே இல்லை. நானும் சாப்பிடாமல் கிடந்தேன். மறுநாள் காலை அவரே வந்து, "நேத்து என்னால மாப்ள பட்டினி" என்று வருத்தப்பட்டு உட்கார்ந்தார். மாமியார் தினமும் விடிந்ததும் அவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். மஞ்சள் திரும்பவில்லை. ஒருநாள் நான் வேலையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே கடுகும் கறிவேப்பிலையும் மணந்தது. மாமியார் தாளித்துக்கொண்டிருந்தார். ஐயோ, அந்த மணம்! தெருவிலேயே நின்று மூச்சை இழுத்துவிட்டேன்.

தீம்பாங்கை வாங்கி வந்தது அந்த நாட்களில்தான். அவர் முள் முதலில் நகரவே இல்லை. என் முள் மட்டும் ஜம்மென்று ஏறியது. தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பொத்தான்கள் போடவே முடியாமல் போயின. பிறகு, கொஞ்சமாக, அவருடையதும் நகர்ந்தது. எடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. ஒருநாள் அவர் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்கவில்லை. மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது அந்தப் பெண் கருவியைக் கொடுத்தாள். இறுக்கினார். இந்த முறை முள் மரியாதைக்கு அசையவில்லை, நன்றாகவே ஏறியது. அவள், "வாஹ், குவாட் பக்சிக்!" என்று பலத்தைப் பாராட்டிக் கைதட்டினாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அடுத்த வாரமே அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

அறுவை நடந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. காத்திருந்தோம், அவ்வளவுதான். பிறகு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் எங்களை ஆட்டிவைத்துவிட்டுப் போனது. ஆனால் தையல் பிடித்தது, புண் ஆறியது. சாப்பிட்டுத் தேறி வந்ததுதான் கைகொடுத்தது என்று அறுவை மருத்துவர் சொன்னார். எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். வார்டில் முதன்முதலாகக் கஞ்சி குடிக்கலாம் என்று கொண்டுவந்து வைத்தபோது, மாமனார் கரண்டியை எடுக்கவில்லை. கண்ணைச் சுழற்றி என்னைத் தேடினார். "மாப்ள சாப்பிட்டாரா?" என்று தீனமாகக் கேட்டார். நான் வெளியே ஓடிப்போய் ஒரு ரொட்டி வாங்கி வந்து அவர் பக்கத்தில் நின்று தின்றேன். அழுகையோடு தின்றதால் விக்கல் எடுத்தது.

சில வருடங்கள் ஓடிவிட்டன. இன்னும் சோதனைக்குப் போகிறார். இதுவரை நல்ல செய்திதான். மாமியார் இப்போது தெருவில் யாருக்குக் கண் மஞ்சளானாலும் முதல் ஆளாகப் போய், "கஞ்சிய ஊத்திக்கிட்டு உக்காராதீங்க, மொதல்ல ஸ்கேன் எடுங்க" என்று விரட்டுகிறார். எனக்குத்தான் வினை வந்தது. அப்போது ஏறிய எடை இறங்கவே இல்லை, கம்பெனிப் பரிசோதனையில் சர்க்கரை என்று வந்துவிட்டது. எடையைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார்கள். என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். நான் அசைந்தால்தானே?

ஒரு சாயங்காலம் மாமனாரிடமிருந்து போன். "மாப்ள, டாக்டரு என்னைய தெனமும் நடக்கச் சொல்லிட்டாரு. தனியா நடக்க ஒரு மாதிரியா இருக்கு. தொணைக்கு வர்றீங்களா?" போகாமல் இருக்க முடியுமா? வேலை முடிந்ததும் கூலாய்க்குப் போய், தாமான் குடியிருப்புத் திடலைச் சுற்றி அவரோடு நடக்கத் தொடங்கினேன். அவர் கை வீசி நடப்பார், நான் பின்னால் மூச்சிரைப்பேன். சில மாதம் கழித்து, டாக்டர் இன்னும் எவ்வளவு நாள் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று மாமியாரிடம் யதார்த்தமாகக் கேட்டேன். "எந்த டாக்டரு? அவர யாரு நடக்கச் சொன்னா? காலையில கடத்தெருவுக்குப் போய் வர்றதே போதும்னுல்ல சொன்னாங்க!" என்றார். நான் திரும்பி மாமனாரைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கி நீங்க மட்டும் பசியிலயா சாப்பிட்டீங்க?" என்றார்.

அவர் எழுந்து வந்து, தேய்ந்துபோன அந்தத் தீம்பாங்கைக் காலால் என் பக்கம் தள்ளினார். ஏறி நின்றேன். குனிந்து, கண்ணைச் சுருக்கி, முள்ளைப் பார்த்தார். "லோரி இன்னும் ஓவர்லோடுதான். நாளைக்கும் வந்துருங்க மாப்ள" என்றார்.