எச் போர்ட்டும் ஏ போர்ட்டும்

கட்டைவிரல் அகலத்தில் ஐந்து சின்னக் கார்டுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் ஓர் எழுத்து எழுதிவைத்திருந்தேன். கேப்டனின் மகள் துபாயிலிருந்து வந்தபோது அப்பாவுக்குக் கொண்டுவந்த லேப்டாப்போடு சேர்ந்தவை அவை. அந்த லேப்டாப்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு துளைகள் மட்டும்தான் இருக்கும். எது வேண்டுமோ அந்தக் கார்டைச் செருகினால் அந்த போர்ட் வந்துவிடும். டிவியோடு இணைக்க எச்டிஎம்ஐ கார்டு; அதில் 'எச்' என்று எழுதினேன். பென் டிரைவ் போன்ற பழைய சாமான்களைச் செருக யுஎஸ்பி-ஏ கார்டு, அதில் 'ஏ'.

கேப்டன் எங்கள் கிளியரிங் ஆபீசின் முதலாளி. வேம்பார்க்காரர். கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்து கரையேறியவர். கேப்டன் பட்டம் நாங்களாகக் கொடுத்தது, அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார்செய்து கப்பலேற்றிவிடுவது தொழில். காகிதம் மொத்தமும் என் தலையில். பதினோரு வருடம் அந்த நாற்காலியைத் தேய்த்தவள் நான். இருந்தும் ஒரு டப்பா குண்டூசி வாங்க அவரைக் கேட்க வேண்டும். லேப்டாப் வந்ததும் புதுச் சட்டம் போட்டார். "கப்பல் கட்டுத பெர்த்து மாதிரி இதுல நாலுதான் இருக்கு. எது உள்ள வரணும், எது வெளிய போகணும்னு நான் சொல்லுவேன். யாரும் கை வைக்கக் கூடாது." இப்போது அவர் துபாய்க்கு, மகள் வீட்டோடு போய்விட்டார், ஆபீஸ் என் பொறுப்பில் ஓடுகிறது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

நான்கு துளையும் எப்போதும் நிறைந்திருக்கும். ஒன்றில் சார்ஜர், ஒன்றில் நெட் கேபிள். மூன்றாவதில் எச் கார்டு, சுவர் டிவியில் அவர் கப்பல் வரத்துப் பார்ப்பதற்காக. நான்காவதில் அவருடைய கப்பல்காலப் படங்கள் அடங்கிய மெமரி கார்டு. அதைத் தொட்டால் கொலை விழும். ஏ கார்டு மேசை டிராயரில் கிடந்தது.

சாத்தான்குளத்து அண்ணாச்சி ஒருவர் ஜெர்மனிக்கு நிலாவாரை இலை அனுப்புவார். மலச்சிக்கலுக்கு அங்கே அதைத்தான் டீ போட்டுக் குடிக்கிறார்களாம். ஏற்கெனவே ஒரு கப்பலைத் தவறவிட்டிருந்தார். இதையும் விட்டால் சரக்கே வேண்டாம் என்று வாங்குகிறவன் எழுதிவிட்டான். அடுத்த கப்பலுக்கு அன்று நாலு மணிக்குத் துறைமுக கேட் மூடிவிடும். அன்றைக்கென்று பார்த்து ஆபீசின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. ஊரார் வயிற்றையெல்லாம் இளக்குகிற சரக்கு, தான் மட்டும் நகர மாட்டேன் என்று கன்டெய்னர் யார்டில் உட்கார்ந்திருந்தது.

ஷிப்பிங் பில் என்ற கஸ்டம்ஸ் காகிதத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட, பென் டிரைவ் மாதிரி இருக்கும் டோக்கனை இனி லேப்டாப்பில்தான் செருக வேண்டும். அதற்கு ஏ கார்டு வேண்டும். சட்டம் சட்டம்தானே? யார்டில் நின்ற கேப்டனுக்கு போன் போட்டேன். பின்னால் டிரெய்லர்களின் இரைச்சல்.

"கேப்டன், எச் போர்ட்ட எடுத்துட்டு ஏ போர்ட் போடணும். போடட்டுமா?"

"ஏ போர்ட்டா! இந்த நேரத்துலயா? அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"அவிய இங்கனதான் நிக்காவ. சீக்கிரம் மாத்துன்னு பறக்காவ."

"சரி சரி, மாத்திருவோம்" என்று வைத்துவிட்டார்.

நான் எச்சை உருவி ஏவைச் செருகி, கையெழுத்துப் போட்டு பில்லை அனுப்பினேன். இரண்டரை மணிக்கு அவரே கூப்பிட்டார். "மாத்தியாச்சு ஏளா!" என்றார். "நானும் மாத்திட்டேன் கேப்டன்!" என்றேன். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்று மணிக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து போன். "ஷிப்பிங் பில்லுல ஹாம்பர்க்னு இருக்கு, புக்கிங்க கேப்டன் ஆன்ட்வெர்ப்புக்கு மாத்திட்டுப் போயிருக்காவ. எதும்மா சரி?"

நிலாவாரை குடித்தவள்போல நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தேன். யார்டு இரைச்சலில் ஊர்ப்பெயர் விளங்காது என்று, சரக்கு இறங்குகிற துறைமுகங்களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கை எச் போர்ட் என்றும் பக்கத்து நாட்டு ஆன்ட்வெர்ப்பை ஏ போர்ட் என்றும் போனில் சொல்வது எங்கள் ஆபீஸ் வழக்கம். பொய் சொல்வானேன், அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்ததே நான்தான். அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆன்ட்வெர்ப்புல எனக்கு எவன் இருக்கான்? அங்கன எறக்கி யாருக்குக் குடுக்க?"

கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏளா, நீ லேப்டாப்பையா சொன்ன?" என்றார். உடனே போனை வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். முட்டி வலிக்காரர், அந்த வெயிலில் கப்பல் கம்பெனிக்குப் போய், திரும்ப மாற்ற விண்ணப்பம் எழுதிக்கொடுத்திருக்கிறார். அதன் நகல் எனக்கு மெயிலில் வந்தது. 'காரணம்' என்றிருந்த இடத்தில், பழியை என்மேல் போடுவார் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தாலும் கேட்க நாதியில்லை. 'லேப்டாப்பில் மாற்ற வேண்டிய போர்ட்டைக் கப்பலில் மாற்றிவிட்டேன். தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கன்டெய்னர் கேட்டுக்குள் நுழைந்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கேப்டன் சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தார். நான் பதில் பேசத் தயாராக எழுந்து நின்றேன். வேலை போனாலும் போகட்டும், பதினோரு வருடத்தையும் இன்றைக்குக் கொட்டிவிடுவது என்றிருந்தேன். அவர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"இனிமே அந்தக் கார்ட நீயே மாத்திக்கிடு. என்கிட்ட கேக்காத" என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கப்பல்ல மாத்தணும்னா, நான் ஒன்கிட்ட கேட்டுக்கிடுதேன்."